தரிசில் காய்த்த தர்பூசணி

அஞ்சலாட்சிக்கு இருந்தது அரை ஏக்கர்தான். அரசாங்கம் கொடுத்த நிலம். பயிர் வைக்காமல் சும்மா போட்டால் திரும்பப் பிடுங்கிக்கொள்வார்கள். அவள் சும்மா போடவில்லை. சித்திரையில் கொடிக்குக் கொடி தர்பூசணி.

அந்த நேரம் பார்த்து வருவாய் ஆய்வாளர் ஜீப்பில் வந்து இறங்கினார். "பதிவேட்டுல தரிசுன்னு இருக்கு. நிலத்தை எடுக்கப் போறோம். கைநாட்டு வை."

"கண்ணெதிரே காய்ச்சுக் கெடக்கே சார்!"

"தரிசுன்னா வெறும் நிலம்னு நெனைக்கிறது ஊர்ப் பேச்சும்மா. எங்களுக்கு அது நிலத்தோட வகை. மேல என்ன மொளைச்சிருக்குன்னு நாங்க பாக்கறதில்ல. ஆபீஸைப் பொறுத்தவரை இங்க ஒண்ணும் இல்ல."

வரப்பில் ஊர்க்காரர்கள் கூடிவிட்டார்கள். வெயில் மண்டையைப் பிளந்தது. ஆய்வாளர் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "சரி, நல்ல பழமா ஒண்ணு வெட்டு" என்றார்.

"எந்தப் பழம் சார்?"

"அந்தா, உன் காலடியில!"

"எனக்கு ஒண்ணும் தெரியலயே. தரிசுல ஏது சார் பழம்?"

"ஏம்மா, கண்ணு தெரியலயா? நாலு பக்கமும் காய்ச்சுக் கெடக்கு!" என்று கத்தினார். வரப்பே சிரித்தது.

"இத்தனை பேரும் கேட்டுட்டாங்க. அதையே எழுதுங்க சார், வெட்டறேன்" என்று அரிவாளை எடுத்தாள் அஞ்சலாட்சி.

எழுதினார். கூட வந்த தலையாரி வாங்கிச் சத்தமாகப் படித்தார்: "தர்பூசணி, முழு விளைச்சல்."

பிறகுதான் பழம் வந்தது. ஆய்வாளர் மொத்தத்தையும் தின்று தீர்த்தார். நல்லா இருக்குன்னு மட்டும் கடைசிவரைக்கும் சொல்லவில்லை.