பாறையைச் சுற்றச் சொன்னவள்

மலையடிவார மடத்தில் சமையல்கட்டு மரகதத்தின் பொறுப்பு. வருகிறவர்களின் உடம்பும் தன் பொறுப்புதான் என்று அவளாகவே எடுத்துக்கொண்டிருந்தாள். சோறு போடும்போதே யாருக்கு முட்டி வலி, யாருக்குத் தூக்கமில்லை என்று விசாரித்துவிடுவாள். இலையை எடுப்பதற்குள் வைத்தியமும் சொல்லிவிடுவாள்.

அதே நோயை மடத்துச் சாமியிடம் சொன்னால், "எனக்குத் தெரியாதுங்க. டாக்டரைப் பாருங்க" என்பார். அவருக்கு நாற்பது வயது. மரகதத்துக்கு ஐம்பத்தெட்டு. தீட்சை கொடுத்த குருவாயிற்றே என்று நேரில் வாயைக் கட்டிக்கொள்வாள். 'தெரியாதுன்னு சொல்றதுக்கு ஒரு சாமியா' என்று கரண்டியிடம் முணுமுணுக்காத நாள் கிடையாது.

அன்று மதியப் பந்தி முடிந்ததும் சாமி அவளைக் கூப்பிட்டார்.

கூடத்தில் டைலர் பேச்சிமுத்து உட்கார்ந்திருந்தார். வலது கால் பெஞ்சின் மேல் இருந்தது. இடது காலிலும் கொப்புளம், இதிலோ உள்ளங்கால் பூராவும். இரண்டு உடைந்து, சதை வெளுத்துப்போயிருந்தது. அந்தக் கால் மிதித்தால்தான் தையல் மிஷின் ஓடும். மிஷின் ஓடினால்தான் அவர் வீட்டில் உலை கொதிக்கும். அவரோ வேறு யாருடைய காலையோ பார்ப்பதுபோல் அதைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"எத்தனை நாளா இப்படி?" என்றார் சாமி.

"தெரியலையே சாமி. காலையில பாயில ஈரம் இருக்குன்னு என் சம்சாரம்தான் பார்த்துச் சொன்னா. எனக்கு வலிக்கவே இல்ல."

"செருப்பில்லாம எங்கே நடந்தீங்க?"

பேச்சிமுத்து மரகதத்தைப் பார்த்தார். பிறகு சுவரைப் பார்த்தார். "எங்கேயாச்சும் மிதிச்சிருப்பேன்."

தனக்காக இன்னொருவர் பொய் சொல்வது மரகதத்துக்குப் பொறுக்காது.

"நான்தான் சொன்னேன்" என்றாள். "வெறுங்காலோட பாறையைத் தினம் பதினோரு சுத்து சுத்துங்க, சர்க்கரை தானா இறங்கும்னு."

"அக்காவை ஒண்ணும் சொல்லாதீங்க சாமி. நல்லதுக்குத்தான் சொன்னாங்க."

"எனக்கு யாரும் வக்காலத்து வாங்க வேண்டாம் தம்பி. நான் என்ன, மருந்தா கொடுத்தேன்? மாத்திரையை நிறுத்தச் சொன்னேனா? நடக்கச் சொன்னேன். நடக்கச் சொல்றதுக்கும் பட்டம் வாங்கணுமா சாமி?"

சாமி எழுந்தார்.

"கொஞ்சம் வாங்கம்மா."

மடத்துக்குப் பின்னால்தான் பாறை, மேலேயே ஓரமாக நடந்து சுற்றும்படி அகலமாகத் தரையோடு கிடக்கும். அதைச் செருப்போடு மிதிப்பது அங்கே வழக்கமில்லை. மரகதமும் நாள் தவறாமல் சுற்றுகிறவள்தான். ஆனால் விடிகாலையில், பாறை பனியில் குளிர்ந்து கிடக்கும்போது. பேச்சிமுத்து கடையை அடைப்பதே மதியச் சாப்பாட்டுக்குத்தான்; அப்போதுதான் சுற்ற வருவார்.

"ஏறி நில்லுங்க" என்றார் சாமி.

இதென்ன பெரிய சோதனை என்று ஏறி நின்றாள். மூன்று எண்ணுவதற்குள் புடவையைத் தூக்கிக்கொண்டு புல்லுக்குத் தாவிவிட்டாள்.

"ஏன் இறங்கிட்டீங்க?"

"சுடுது சாமி. தோசைக்கல்லு மாதிரி."

"அவருக்குச் சுடல. பதினோரு சுத்தையும் முடிச்சிருக்கார்."

மரகதம் காலைப் புல்லில் தேய்த்துக்கொண்டு நின்றாள்.  

"அவர் கால் மரத்துப்போச்சுன்னு நான் என்ன கனவா கண்டேன்? உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியாது."

"பட்டம் வாங்கின டாக்டருக்காவது தெரிஞ்சுதா? ரெண்டு நிமிஷம். நிமிர்ந்துகூடப் பார்க்காம சீட்டு எழுதிக் கையில கொடுத்திருக்கார். நான் ஒரு மணி நேரம் எதிரே உட்கார்ந்து கேட்டேன் சாமி. மகன் முகம் கொடுத்துப் பேசாதது, ராத்திரி நாலு தடவை எழுந்திரிக்கிறது, மிஷின் மிதிக்கையில பெடல் நழுவி நழுவிப் போறது, எல்லாத்தையும் கேட்டேன். இப்ப நான் வாயை மூடிக்கணும். அவர் சீட்டு எழுதிக்கிட்டே இருக்கணும். அதுதானே நியாயம்?"

"பெடல் நழுவுதுன்னு சொன்னாரா?"

"சொன்னார். கால் இருக்கிற இடமே தெரியல அக்கான்னார்."

"டாக்டர்கிட்ட அதைச் சொன்னாரா?"

"அவர் எங்கே கேட்டார், இவர் சொல்றதுக்கு?"

"நீங்க கேட்டீங்க. கேட்டுட்டு என்ன சொன்னீங்க?"

மரகதம் பாறையைப் பார்த்தாள். வெயிலில் அது பளபளத்தது. "செருப்பைக் கழட்டச் சொன்னேன்" என்றாள். 

இருவரும் முன்னால் வந்தபோது, ஆஸ்பத்திரிக்குப் போகச் சாமி வரச்சொன்ன ஆட்டோ வாசலில் நின்றது. இரண்டு பேர் பேச்சிமுத்துவைத் தாங்கிப் பிடித்து ஏற்றினார்கள். தரையில் அவர் கால் பட்ட இடமெல்லாம் ஈரத் தடம். அவர் அதைக் கவனிக்கவே இல்லை.

"நீங்களும் ஏறுங்க" என்றார் சாமி.

"நானா? நான் போய் என்ன செய்ய? பட்டமா, பதவியா?"

"வாய் இருக்கே. அவர் கூச்சப்பட்டு ஒண்ணும் சொல்லமாட்டார். பெடல் நழுவுறதை நீங்க சொல்லுங்க. கால் இருக்கிற இடம் தெரியலன்னு சொன்னதைச் சொல்லுங்க. டாக்டர் சீட்டை எடுத்தா விடாதீங்க. காலைக் காட்டுங்க."

"அது என்னால ஆகும்."

"பாறையைச் சுத்தச் சொன்னது யாருன்னும் சொல்லுங்க."

ஆட்டோவில் ஒரு காலை வைத்தவள் அப்படியே நின்றாள். மடத்தில் இத்தனை வருஷமாக அவளை எதிர்த்து ஒரு வார்த்தை சொன்னவர் இல்லை.

"நாலு பேர் முன்னால வச்சு என்னைத் திட்டுவாரே சாமி."

"திட்டட்டும்மா. காலைப் பார்த்துட்டுத்தானே திட்டுவார்."