மச்சம் எந்தப் பக்கம்

"இபு, என் பெண்டாட்டி என்னோட பேசுறதில்லை," என்றார் கேப்டன் தர்மாதி.

குரேசின் நிமிர்ந்து பார்க்கவில்லை. கண்ணாடியில் ஒரு மேகத்துக்கு நீலம் வைத்துக்கொண்டிருந்தாள்.

ஜாவாவின் வடகரையில் இருக்கிற சிரெபோன் துறைமுகத்தில், அரண்மனைக்குப் பின்சந்தில் அவளுடைய பட்டறை. கண்ணாடியின் முதுகில் வரைந்து முன்பக்கம் காட்டுகிற படங்களுக்குப் பேர்போன ஊர் அது. குருவுக்கு நாற்பது வயது. சீடருக்கு அறுபது தாண்டிவிட்டது. சரக்குக் கப்பலில் ஆயுளைக் கழித்துவிட்டு, சும்மா உட்கார்ந்தால் துருப்பிடித்துவிடுவோம் என்று படம் வரையக் கற்றுக்கொள்ள வந்த மனிதர். மாலுமிகளை அதட்டிப் பழகிய அந்தக் குரல் இவளிடம் மட்டும் "இபு" என்று அடங்கிப்போகும். அந்த ஊரில் அம்மாவுக்கு அதுதான் சொல்.

"என்ன செஞ்சீங்க, கேப்டன்?"

"நான் ஒண்ணும் செய்யலை. கேட்ட கேள்விக்குப் பதில் சொன்னேன்."

"என்ன கேட்டாங்க?"

"கண்ணை மூடுங்கன்னா. மூடினேன். என் கன்னத்து மச்சம் எந்தப் பக்கம்னா. வலது பக்கம்னு சொன்னேன்."

"அப்புறம்?"

"இடது கன்னமாம்."

தூரிகையைக் கீழே வைத்தாள் குரேசின்.

"நான் சொன்னதுல என்ன தப்பு, இபு? எதிர்ல நின்னு பார்த்தா எனக்கு வலது பக்கம்தானே தெரியுது?"

"அதையும் அவங்ககிட்டச் சொன்னீங்களா?"

"சொன்னேன்."

குரேசினுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கேப்டனுக்கு வரவில்லை.

"'கல்யாணம் ஆன நாள்லேர்ந்து எல்லாத்தையும் நீங்க நிக்கிற இடத்துலேர்ந்துதான் பார்க்கிறீங்க'ன்னா. அதுதான் கடைசியாப் பேசினது. வேளைக்குச் சோறு வருது, காப்பி வருது. பேச்சு மட்டும் வரலை. கடல்ல இருந்த வரைக்கும் வீடு வீடுன்னு தவிச்சேன். இப்ப வீட்டுல விருந்தாளி மாதிரி இருக்கேன்."

சொல்லும்போது மனிதருக்குக் கண் கலங்கிவிட்டது. மூக்கைச் சிந்திச் சமாளித்துக்கொண்டார்.

"அவளை வரையப் போறேன், இபு. மச்சத்தைச் சரியான இடத்துல வெச்சு அவ கையில கொடுத்துட்டாப் போதும்."

"முதல்ல எதை வரைவீங்க?"

"கண்ணை."

குரேசின் தலையாட்டினாள், இல்லை என்று.

"மூக்கையா?"

"கண்ணாடியில மேல தெரியுறதுதான் முதல்ல விழணும். கன்னம் அப்புறம். மச்சம்தான் முதல்ல."

"அது ஒரு புள்ளிதானே?"

"அந்தப் புள்ளிக்காகத்தானே பேச்சு நின்னுபோச்சு?"

*

கேப்டனின் மனைவி வர்னிதி, தேக்கிலையில் சோறு மடித்துத் துறைமுகத்துக்குக் கொண்டுபோய் விற்பவள். விடிகாலையில் அவள் அடுப்படியில் வேலையாக இருக்க, கேப்டன் செய்தித்தாளைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். செய்தி ஒன்றும் மண்டையில் ஏறவில்லை. தாளுக்கு மேலாக அவளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

சோறு மடித்து முடிந்ததும் அடுப்படிக் கதவோரம் ஆணியில் தொங்கும் சின்ன முகம் பார்க்கும் கண்ணாடி முன் நிற்பாள். முக்காட்டைச் சரிசெய்துகொண்டு கிளம்பிவிடுவாள். அவரைத் திரும்பிப் பார்ப்பதில்லை.

பார்த்ததையெல்லாம் கேப்டன் மெல்லிய தாளில் வரைந்து பட்டறைக்குக் கொண்டுவந்தார். தாளில் வர்னிதி அச்சு அசலாக இருந்தாள்.

இனி அந்தத் தாளைக் கவிழ்த்துப்போட்டு, மேலே கண்ணாடியை வைத்து, ஊடாகத் தெரிகிற கோட்டின் மேல் வரைய வேண்டும். அப்போதுதான் முடித்துத் திருப்பும்போது இடது இடதாகவும் வலது வலதாகவும் வரும். பட்டறையில் முதல் நாள் பாடமே அதுதான். மேகம், யானை, ராஜா, அரக்கன் என்று கேப்டன் கவிழ்த்துப்போடாத ஆள் இல்லை.

தாளைக் கையில் எடுத்தார். திருப்பப் போனார்.

அப்படியே நின்றார்.

பிறகு தாளைத் திருப்பாமலே மேஜையில் வைத்து, அதன் மேல் கண்ணாடியைப் பொருத்தி, மச்சத்தை வைத்தார்.

பக்கத்து மேஜையிலிருந்து குரேசின் பார்த்தாள். பார்த்துவிட்டுத் தன் மேகத்துக்குத் திரும்பிவிட்டாள்.

*

வர்ணமெல்லாம் காய்ந்த பிறகு கேப்டன் கண்ணாடியைத் திருப்பினார்.

முக்காடு, கண், உதட்டோரத்துப் பிடிவாதம் எல்லாம் வர்னிதிதான். மச்சம் மட்டும் மறு கன்னத்தில் இருந்தது.

மச்சத்தைச் சுரண்டக் கேப்டன் பிளேடை எடுத்தார். குரேசின் அதை அவர் கையிலிருந்து வாங்கிப் பென்சில் சீவ ஆரம்பித்தாள்.

"தெரிஞ்சும் ஏன் சொல்லலை, இபு?"

"தாளைக் கையில வெச்சுக்கிட்டு நின்னீங்களே. அதைப் பார்த்தேன்."

"அதனால?"

"கொண்டுபோய்க் காட்டுங்க."

"அவ சொன்னதுக்கு நானே சாட்சி எழுதிக் கொடுத்த மாதிரி ஆகிப்போச்சு. இதை எந்த முகத்தோட காட்டுறது?"

"இது யாரோட முகம்?"

"அவளோடது."

"அப்ப அவங்களைக் கேளுங்க. என்னை ஏன் கேக்குறீங்க?"

*

வர்னிதி தேக்கிலைகளைக் கழுவிக்கொண்டிருந்தாள். கேப்டன் படத்தைச் சுவரில் சாய்த்துவைத்துவிட்டு, கையும் களவுமாகப் பிடிபட்டவர் போல ஓரமாக நின்றார்.

அவள் கையைத் துடைத்துக்கொண்டு வந்து பார்த்தாள். வெகுநேரம் பார்த்தாள். கதவோரக் கண்ணாடிக்குப் போய்த் தன் முகத்தைப் பார்த்துவிட்டு மறுபடி படத்திடம் வந்தாள்.

"இவளை எனக்குத் தெரியும்," என்றாள்.

கேப்டன் ஓரடி முன்னால் வந்தார்.

"முக்காடு கட்டும்போது தினமும் கண்ணாடிக்குள்ளேர்ந்து என்னைப் பார்க்கிறவ. அவளுக்கும் மச்சம் இந்தப் பக்கம்தான். எனக்கு மட்டும் தெரிஞ்சவன்னு நெனைச்சேன். நான் நிக்கிற இடத்துல நீங்க எப்ப வந்து நின்னீங்க?"

தினமும் நின்றேன் என்று சொல்லிவிடலாம் போல இருந்தது கேப்டனுக்கு. பொய் நாக்கு நுனிவரை வந்தது. விழுங்கிக்கொண்டார்.

"நிக்கலை. தப்பா வந்துடுச்சு. தாளைக் கவிழ்த்து வெச்சு வரைஞ்சிருக்கணும்."

"ஏன் வைக்கலை?"

"உன் முகமாச்சே. கவிழ்த்துப்போட மனசு வரலை."

வர்னிதி கதவோரத்து முகம் பார்க்கும் கண்ணாடியைக் கழற்றி அலமாரிக்குள் வைத்தாள். அந்த ஆணியில் படத்தை மாட்டினாள்.

மறுநாள் விடிகாலையில் சோறெல்லாம் மடித்தானபின் முக்காட்டைப் போட்டுக்கொண்டு கேப்டன் முன்னால் வந்து நின்றாள்.

"பார்க்கக் கண்ணாடி இல்லை. நீங்கதான் சொல்லணும். சரியா இருக்கா?"

கேப்டன் செய்தித்தாளைக் கீழே வைத்துவிட்டு எழுந்தார். நிதானமாகப் பார்த்தார்.

"கொஞ்சம் இடது பக்கம் இழுக்கணும்."

அவள் கை முக்காட்டிலேயே நின்றது.

"யாரோட இடது?"

"உன்னோடது."