நிமலன் ஊற்றிய பெற்றோல்

தில்லையம்பலத்தாரின் குரு அவரைவிட வயதில் மிகவும் இளையவர். யோகேஸ்வரி அம்மா என்று பெயர். ரொறன்ரோவுக்கு வடக்கே, சோளக் காணிகளுக்கு நடுவில், ஒரு பழைய பண்ணை வீட்டை வாங்கி அதில் சிறிய ஆசிரமம் நடத்திவந்தார். மனைவி இறந்த பிறகு தில்லையம்பலத்தார் அங்கே வந்து தங்கினார். கொஞ்ச நாள் இருந்துவிட்டுப் போகத்தான் வந்தார். போகவில்லை. சீடரானார்.

ஒரே மகன் நிமலன். சனிக்கிழமைகளில் நகரத்திலிருந்து வருவான். தகப்பனோடு இருந்து தேத்தண்ணி குடிப்பான். பிறகு, ஏறி உட்கார்ந்து ஓட்டுகிற புல்வெட்டும் மெஷினில் ஆசிரமத்தின் பெரிய புல்வெளியைச் சுற்றிச் சுற்றி வந்து வெட்டி முடிப்பான். மெஷினும் அவன் வாங்கிக் கொடுத்ததுதான்.

ஆவணியில் ஒரு சனிக்கிழமை புல் வெட்டி, மெஷினைக் கொட்டிலில் விட்டுவிட்டுப் போனவன் மறுபடி வரவில்லை. வேலைக்குப் போகிற வழியில் நெஞ்சு வலித்து இறந்துபோனான்.

காரியங்கள் முடிந்த பின் தில்லையம்பலத்தார் கொட்டிலைப் பூட்டித் திறப்பைத் தன் பையில் போட்டுக்கொண்டார். பக்கத்துப் பண்ணைக்காரர் தன் மெஷினைக் கொண்டுவந்து புல் வெட்டிக் கொடுத்தார். அம்மா ஒன்றும் கேட்கவில்லை.

மரங்கள் இலை கொட்டி முடிந்தன. காலையில் புல்லின்மேல் வெள்ளையாய் உறைபனி தெரியத் தொடங்கியது. அப்போதுதான் அம்மா பேச்சை எடுத்தார்.

"ஐயா, மெஷினைப் பனிக்காலத்துக்கு எடுத்து வைக்கோணும்."

"அது உள்ளுக்கைதானே அம்மா நிக்குது."

"நிக்குது. துப்புரவாக்கி எடுத்து வைக்கேல்லை."

"நிமலன் விட்ட இடத்திலை நிக்குது. அப்பிடியே நிக்கட்டும். அதுக்குள்ளை இருக்கிறது அவன் ஊத்தின பெற்றோல். அடியிலை இருக்கிறது அவன் வெட்டின புல்லு. ஒருத்தரையும் தொட விடமாட்டன்."

குருவிடம் பேசுகிற குரல் அல்ல அது. அவருக்கே தெரிந்தது. தலையைக் குனிந்துகொண்டார்.

"நீங்கள் போய்ப் பாத்தனீங்களோ?" என்று அம்மா கேட்டார்.

அவர் பார்த்ததில்லை. பூட்டியவர் திறக்கவே இல்லை.

"வாங்கோ. பாப்பம்."

கொட்டில் குளிர்ந்து கிடந்தது. அம்மா மெஷினுக்குப் பக்கத்தில் நிலத்தில் உட்கார்ந்து, முதலில் ஸ்பார்க் பிளக்கின் வயரைக் கழற்றிவிட்டார். வெட்டுகிற தட்டை உயர்த்திவிட்டு அதன் அடியில் கையை விட்டார். ஒரு பிடி புல் வந்தது. அதைத் தில்லையம்பலத்தாரின் உள்ளங்கையில் வைத்தார்.

கறுப்பாக, ஈரமாக, அழுகிப்போய் இருந்தது. வெட்டிய புல்லின் மணத்தை எதிர்பார்த்து முகத்தருகே கொண்டுபோனவர் சட்டென்று விலக்கினார்.

"இனி நீங்கள் கையை விட்டுப் பாருங்கோ. பிளேட் பக்கம் போகாதேங்கோ."

விட்டுப் பார்த்தார். புல் ஒட்டியிருந்த இடமெல்லாம் இரும்பு சொரசொரவென்று துருப்பிடித்திருந்தது.

அம்மா பெற்றோல் தாங்கியின் மூடியைத் திறந்தார். உள்ளேயிருந்து பழைய வார்னிஷ் மாதிரி ஒரு நாற்றம் வந்தது.

"இதுவோ அவன் ஊத்தினது?" என்றார்.

தில்லையம்பலத்தார் அந்த அழுகிய புல்லைக் கையில் பொத்திக்கொண்டு அழுதார். செத்த வீட்டிலே கூட அவர் இப்படி அழவில்லை. அம்மா எழுந்து போய்விடவுமில்லை, தேற்றவுமில்லை. சுவரில் சாய்த்திருந்த மரச் சுரண்டியை எடுத்துவந்து தன் மடியில் வைத்துக்கொண்டு காத்திருந்தார். அழுகை தணிந்ததும் நீட்டினார்.

அவரே சுரண்டினார். நெடுநேரம் ஆனது. கடைசிப் பொருக்கும் உதிர்ந்த பிறகு கேட்டார்.

"இதெல்லாம் உங்களுக்கு எப்பிடி அம்மா தெரியும்?"

"போன வருசம் நிமலன் செய்யேக்கை டோர்ச் பிடிச்சது நான்தான்."

அவர் அம்மாவின் முகத்தைப் பார்த்தார். அந்தச் சாவுக்குப் பிறகு இப்போதுதான் பார்க்கிறார் போலிருந்தது. கண்கள் சிவந்திருந்தன.

"இந்தப் பெற்றோலை என்ன செய்யிறது?"

"கிடந்தா எஞ்சினை அடைச்சுப்போடும். ஓட்டி முடியுங்கோ."

"நான் இதை ஒருநாளும் ஓட்டினதில்லை. விழுந்துபோடுவியள் எண்டு ஏற விடமாட்டான்."

"ஏறுங்கோ."

வயரை மாட்டினார்கள். நிமலன் உயரமானவன், இருக்கை அவன் கால் நீளத்துக்குப் பின்னே தள்ளி இருந்தது. தில்லையம்பலத்தார் அதை முன்னே இழுக்கவில்லை. விளிம்பில் உட்கார்ந்து மிதியை எட்டிப் பிடித்தார். எஞ்சின் முனகியது, இருமியது, பிறகு பிடித்துக்கொண்டது.

வெட்டுவதற்குப் புல் இல்லை. வெறும் வெளியில் அவர் சுற்றினார். மகன் போன தடமெல்லாம் அவருக்குத் தெரியும். சனிக்கிழமைகளில் யன்னலோரம் இருந்து பார்த்தவர். வேலியோரமாய்ப் போய், மேப்பிள் மரத்தடியில் திரும்பி, மறுபடி வேலியோரமாய் வந்தார். காற்று முகத்தில் அறைந்தது. அம்மா போர்வைகூட இல்லாமல் வாசலில் நின்றுகொண்டிருந்தார்.

கொட்டிலுக்கு வெகுதூரத்தில் எஞ்சின் திக்கித் திணறி நின்றது. அவர் இறங்கவில்லை. அம்மா புல்வெளியைக் கடந்து நடந்து வந்தார்.

"அவன் போயிட்டான். நான் ஏனம்மா இன்னும் இருக்கிறன்?"

அம்மா குனிந்து, மெஷினின் பின்பக்க லீவரை இழுத்துச் சில்லுகளை விடுவித்தார். ஒரு பக்கத்தைப் பிடித்துக்கொண்டு நின்றார். கொஞ்ச நேரம் கழித்து அவரும் இறங்கி மறுபக்கத்தைப் பிடித்தார். இருவரும் தள்ளிக்கொண்டு வந்தார்கள்.

எஞ்சின் சூடு ஆறுமுன் பழைய ஒயிலை வடித்துப் புதியதை ஊற்றினார்கள். பிளேட்டைக் கழற்றித் தீட்டினார்கள். அம்மா சொல்லச் சொல்ல அவர் செய்தார். கைகள் கறுத்துப்போயின. எல்லாம் முடிந்ததும் அம்மா பற்றரியைக் கழற்றி அவரிடம் கொடுத்தார். பாரமாய் இருந்தது. நெஞ்சோடு அணைத்துக்கொண்டார்.

"இதை எங்கை வைக்க?"

"உங்கட அறையிலை. இஞ்சை கிடந்தாக் குளிருக்குச் செத்துப்போகும். அங்கையும் சும்மா கிடந்தாச் சாகும். இடைக்கிடை சார்ஜ் போடோணும்."

"எப்ப வரைக்கும்?"

"புல்லு முளைக்கும் வரைக்கும்."

அவர் பற்றரியோடு வீட்டுப் பக்கம் நடந்தார். பாதி வழியில் நின்று திரும்பினார்.

"அதுக்குள்ளை நான் இல்லாமல் போனால்?"

"இருங்கோ," என்றார் அம்மா.