கழற்றிப் பார்த்த ஒயர்

"எனக்குக் காவி குடுத்துருங்கம்மா. இனி வீட்டுக்குப் போறதில்ல."

குப்பண்ணன் கேட்டது பாவாயம்மாவிடம். சங்ககிரிக்கு மேற்கே ஒரு கரட்டுக் குன்றின் அடியில் ஓட்டுவீடு போட்டு, வருகிறவர்களுக்குக் கஞ்சி ஊற்றிக்கொண்டிருந்தவர். காவி கட்டியவர். குப்பண்ணனைவிடப் பத்து வயது இளையவர். ஊர் அவரைச் சாமி என்றது. அவர் யாருக்கும் திருநீறு பூசியதில்லை.

"ஏனுங்க யாவாரி, வீடு என்ன பண்ணுச்சு?"

"ஒண்ணும் பண்ணல. அதுதாங் குத்தம்."

பழைய கார் வாங்கி விற்பது குப்பண்ணனின் தொழில். லாரியில் கிளீனராக ஏறி, அடி வாங்கி, ஏமாந்து, ஏமாறாமல் இருக்கக் கற்று, மேலே வந்த ஆள். அவருடைய பெரிய ஆயுதம் எழுந்து நடப்பது. விலை படியவில்லையா, துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு நடப்பார். திரும்பிப் பார்க்க மாட்டார். வாசல் தாண்டுமுன் பின்னாலிருந்து குரல் வரும்.

"அண்ணா, நில்லுங்க. பேசிக்கலாம்."

வராமல் போனதே இல்லை.

போன மாதம் மகன் வீட்டுக்குப் பெயிண்ட் அடித்தான். என்ன நிறம் என்று அப்பனைக் கேட்கவில்லை. குப்பண்ணன் வானத்துக்கும் பூமிக்கும் குதித்தார். செல்லைத் தூக்கி டி.வி. பக்கத்தில் வைத்தார். "எவனாவது என்னயத் தேடிட்டு வந்தீங்க, காலை ஒடிச்சுப்புடுவேன்" என்றார். எங்கே போகிறேன் என்று சொல்லவில்லை. நடந்தார்.

வாசல் தாண்டினார். தெருமுனை தாண்டினார். டீக்கடையில் வேண்டாத டீ ஒன்று வாங்கி, ஆடை கட்டும்வரை கையிலேயே வைத்திருந்து குடித்தார்.

குரல் வரவில்லை.

"மேட்டுல பைக் சத்தம் கேட்டாப் போதும், எந்திரிச்சு ஒக்காந்துக்கறனுங்க" என்றார், அன்று வந்ததிலிருந்து பாவாயம்மாவின் திண்ணையிலேயே கிடக்கும் குப்பண்ணன். "பால்காரன். இல்லாட்டி ஆடு வாங்க வர்றவன். எங்கூட்டு ஆளு ஒருத்தருங் காணோம்."

பாவாயம்மா கஞ்சிக் குண்டாவைக் கழுவிக் கவிழ்த்தார்.

"காவி குடுக்கலாம். அதுக்கு முன்ன நம்ம காரைக் கொஞ்சம் பாருங்க. அரிசி மூட்டை ஏத்துனா மேடு ஏற மாட்டேங்குது."

குப்பண்ணனுக்குச் சுருக்கென்றது. சாமியாராகப் போகிறவனுக்கு மெக்கானிக் வேலையா? ஆனாலும் கை சும்மா இருக்கவில்லை. போய் பானெட்டைத் தூக்கினார்.

யாரோ காணிக்கையாக விட்டுப்போன பழைய பெட்ரோல் வண்டி. ஸ்டார்ட் செய்ததும் ஒரு காலை இழுத்து இழுத்து நடக்கிறவனைப் போலக் குலுங்கியது.

"பிளக்குக்குக் கரண்டு போற ஒயருங்க. நாலுல ஒண்ணு வேலை செய்யல."

"எந்த ஒண்ணு?"

"ஓடவிட்டு ஒவ்வொண்ணாக் கழட்டிப் பாக்கோணும். கழட்டுனதும் வண்டி இன்னுந் தள்ளாடுச்சுன்னா, அது ஒழைச்சிட்டிருந்த ஒயரு. கழட்டியும் ஓட்டம் மாறலையா, அது இருந்தும் ஒண்ணுதான், இல்லாட்டியும் ஒண்ணுதான்."

சொல்லிவிட்டுச் சிரித்தார். நல்ல சிரிப்பில்லை.

"நானுந்தான் என்னயக் கழட்டிப் பாத்தனுங்க. வீடு அதுபாட்டுக்கு ஓடுது."

பாவாயம்மா ஒயர்களை எட்டிப் பார்த்தார்.

"ஷாக் அடிக்காதுங்களா?" என்றார்.

"அடிக்கும். எதுதான் அடிக்கல?"

காய்ந்த துண்டை நாலாக மடித்துக் கையில் சுற்றிக்கொண்டார். முதல் ஒயரைப் பிடுங்கினார். வண்டி உடம்பெல்லாம் உதறியது. திரும்ப மாட்டினார். இரண்டாவதும் அப்படியே. மூன்றாவதைத் தொட்டபோது துண்டையும் மீறிச் சுர்ரென்று ஏறியது. ஒயரின் ஆத்தாளைத் திட்டிவிட்டு, சாமி பக்கத்தில் நிற்பது நினைவு வந்து நாக்கைக் கடித்துக்கொண்டார்.

"பரவாயில்லீங்க. ஒயருக்குக் காது இல்ல."

மூன்றாவதைப் பிடுங்கினார். ஓட்டம் மாறவில்லை.

"இதுதான்."

"தூக்கிப் போட்ரலாமுங்களா?"

"எதுக்குங்க? ஒயரு நல்ல ஒயரு." வண்டியை அணைத்துவிட்டு நுனியைத் துடைத்துப் பார்த்தார். "அழுத்தி மாட்டல. பாத்தா மாட்டுன மாதிரித்தான் இருக்கும். தொட்டுந் தொடாம ஒக்காந்திருக்குது."

கட்டைவிரலால் அழுத்தினார். டக்.

மறுபடி ஸ்டார்ட் செய்தபோது வண்டி அரைத்த மாவு மாதிரி வழுவழுவென்று ஓடியது. குப்பண்ணன் பெருமையோடு நிமிர்ந்தார்.

"இப்பக் குடுங்க காவிய."

"யாவாரி பேச்ச எப்படிங்க நம்பறது? இன்னொருக்காக் கழட்டிக் காட்டுங்க. நானுங் கேக்கறேன்."

கேட்கிறேன் என்றவர் காருக்குக் கிட்டே வரவில்லை. நடந்தார். புளியமரத்தைத் தாண்டி, காய்ந்த ஓடையைத் தாண்டி, தார்ரோட்டு ஓரத்துக் கல்லருகே போய், முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார்.

குப்பண்ணன் முதல் ஒயரைப் பிடுங்கினார். வண்டி கிடுகிடுவென்று ஆடியது.

"கேட்டுச்சுங்களா?" என்று கத்தினார்.

"இல்லீங்க. ஓட்டம் மாறல. அது செத்த ஒயரு."

"என்னது?"

அதை மாட்டிவிட்டு இரண்டாவதைப் பிடுங்கினார். வண்டி அணைந்துவிடுவேன் என்று முனகியது.

"இப்ப?"

"இதுஞ் செத்தது."

மாட்டினார். மூன்றாவது. இப்போது அதற்கும் வண்டி துடித்தது.

"இதுந்தானுங்க. எல்லாத்தையும் குப்பையில போட்ருங்க. ஒண்ணும் ஒதவாது."

குப்பண்ணனுக்குக் கோபம் உச்சிக்கு ஏறியது. சாமி, காவி எல்லாம் மறந்துபோயிற்று.

"ஏம்மா, அறிவிருக்குதா? அத்தன தூரம் போயி முதுகக் காட்டிட்டு நின்னா, இங்க தள்ளாடறது அங்க எப்படிக் கேக்கும்? கிட்ட வந்து நின்னு கேளுங்க!"

பாவாயம்மா திரும்பவில்லை.

"அப்படீங்களா?" என்றார்.

தன் வீடு இருக்கும் பக்கம் குப்பண்ணன் திரும்பிப் பார்த்தார்.

கையில் ஒயர் இருந்தது. அவருக்கு முன்னால் அந்த வண்டி, நின்றுவிடாமல் இருக்கப் படாதபாடு பட்டுக்கொண்டிருந்தது.