மதியம் மட்டும் தெரியாது

காட்டுக்கு நடுவுல ஒரு குளம். குளத்தங்கரையில சருகோட சருகா மருதாயின்னு ஒரு சருகுமான் இருந்துச்சு. முயலைவிடக் கொஞ்சம் பெருசு, அவ்ளோதான் உருவம். ஆனா அது காணுற கனா மட்டும் யானை அளவு.

மலை உச்சியில யானையம்மா ஒரு வைத்தியப் பள்ளிக்கூடம் வச்சிருந்தாங்க. அதுல சேரணும், மேகத்துக்குள்ள நடந்து போய், நோவுன்னு கிடக்கிறவங்களை எழுப்பி உட்கார வைக்கணும். இதான் மருதாயியோட கனா. காரணம் இருந்துச்சு. போன வருசம் அதோட தம்பிக்குக் கால்ல முள்ளு குத்திச் சீழ் வச்சுப்போச்சு. வைத்தியருங்க எல்லாம் பெரிய பெரிய ஆளுங்க. அந்தத் துளியூண்டு காலை யாரும் குனிஞ்சு பார்க்கல. தம்பி பிழைக்கல.

பள்ளிக்கூடத்துல ஒரு சட்டம். மருந்து ஆராய்ச்சி பண்றவங்க யார்கிட்டயாவது முதல்ல வேலை பார்த்திருக்கணும். அவங்க ஒரு தேக்கிலையில சேத்துக் காலை அழுத்தித் தருவாங்க. அந்தக் காலடியைக் காட்டினாத்தான் கதவு திறக்கும். முதல் மழை விழுந்துட்டா கதவு சாத்திடும். அப்புறம் அடுத்த வருசம்தான்.

கோடை தொடங்குறப்பவே மருதாயி கரடி மாமாகிட்ட போச்சு. புண்ணுக்கு எந்தத் தேன் நல்லதுன்னு அவருக்கு ஆராய்ச்சி. பாதித் தேன் புண்ணுக்கு, பாதித் தேன் அவரு வாய்க்கு.

"இதுக்கு முன்னால எங்க வேலை பார்த்தே?"ன்னு மூக்கால உறுமினாரு.

"எங்கயும் இல்லீங்க மாமா."

"அப்ப எங்கயாவது பார்த்துட்டு வா."

நீர்நாய் அண்ணன்கிட்ட போனா அதே கேள்வி, அதே பதில். முள்ளம்பன்றி ஒரு படி மேல போய், முதல்ல கரடிகிட்ட கொஞ்ச நாள் வேலை பார்த்துட்டு வான்னு வழி காட்டுச்சு.

மருதாயி திரும்பி வந்து தண்ணியைப் பார்த்து உட்கார்ந்துச்சு. தண்ணிக்குள்ள மேகம் மிதந்துச்சு. மேகத்துக்குள்ள பள்ளிக்கூடம் தெரிஞ்சுச்சு. ஒரு தட்டான் வந்து வாலால தண்ணியைத் தொட்டுச்சு. பள்ளிக்கூடம் கலைஞ்சு போச்சு.

மேல கிளையில ஒரு கரிச்சான் குருவி. யார் குரலையும் அப்படியே பேசிக்காட்டும். கரடி மாதிரியே உறுமி, "எங்க வேலை பார்த்தே?"ன்னு கேட்டு அதுவே சிரிச்சுக்கிச்சு. அப்புறம் யோசனை சொல்லுச்சு.

"ஏம்புள்ள, புலிகிட்ட ரெண்டு வருசம் வேலை பார்த்தேன்னு சொல்லேன். புலிகிட்ட போய் எவன் விசாரிக்கப் போறான்?"

நல்ல யோசனையாத்தான் பட்டுச்சு. அன்னிக்குப் பூரா மருதாயி சொல்லிச் சொல்லிப் பழகிச்சு. ரெண்டு வருசம்ங்க, புலிகிட்டங்க.

பாக்கி இருந்தது ஆமையக்கா ஒருத்தங்கதான். தவளைகளுக்கு வர்ற அரிப்புக்கு மருந்து தேடிக்கிட்டிருந்தாங்க. போன தடவை, அரிப்பு ஓடியே போச்சுன்னு வேலையாளுங்க சொன்னதை நம்பி, மருந்து கண்டுபிடிச்சாச்சுன்னு சொல்லக் காட்டையே கூட்டிட்டாங்க. தவளைங்க அத்தனையும் சொறிஞ்சுக்கிட்டே வந்து நின்னு சிரிச்சுச்சுங்க. அவமானத்துல அக்கா மூணு நாள் ஓட்டை விட்டுத் தலையை நீட்டல.

மருதாயி போனப்ப, சோலையப்பன்னு ஒரு குரங்கு முன்னாடியே வந்து நின்னுக்கிட்டிருந்துச்சு. கையில விசிறி மாதிரி மூணு காலடி இலை. அதாலேயே காத்து வேற வீசிக்கிச்சு.

"நீ எங்க வேலை பார்த்தே?"ன்னு ஆமையக்கா மருதாயியைக் கேட்டாங்க.

புலி நாக்கு நுனி வரைக்கும் வந்துச்சு. ஆனா அக்கா முகத்துல இருந்த களைப்பைப் பார்த்ததும் உள்ள போயிடுச்சு.

"எங்கயும் இல்லீங்கக்கா. எனக்கு ஒண்ணும் தெரியாது. உட்கார்ந்து பார்த்துக்கிட்டே இருக்கத் தெரியும். நடுவுல கனாவும் வரும்."

குரங்கு வயித்தைப் பிடிச்சுக்கிட்டு உருண்டுச்சு.

அக்கா சிரிக்கல. ஒரு தவளையைக் கூப்பிட்டு, முதுகுல எதையோ பூசி, குளத்து நடுவுல ஒரு கல்லு மேல உட்கார வச்சாங்க. காலையில, மதியம், சாயங்காலம் எத்தனை தடவை சொறியுதுன்னு ரெண்டு பேரும் பார்த்துச் சொல்லணும். குரங்குக்கு அந்தக் கரை, மருதாயிக்கு இந்தக் கரை.

அந்தக் கரையில பழுத்த அத்திமரம் ஒண்ணு இருந்துச்சு. அதுக்கு மேல சொல்ல வேண்டியதில்ல.

இந்தக் கரையில மருதாயி இமை கொட்டாமப் பார்த்துச்சு. வெயில் ஏறுச்சு. இலைக்கு நடுவால வெளிச்சம் காசு காசா விழுந்துச்சு. தண்ணி மினுமினுன்னு ஆடுச்சு. அந்த மினுமினுப்புல தம்பி நடந்து வந்தான். நாலு காலும் நல்லா இருந்துச்சு. மேகத்து மேல குதிச்சுக் குதிச்சுப் போனான். மருதாயியும் பின்னாலேயே போச்சு.

முழிச்சுப் பார்த்தா வெயில் சாஞ்சிருந்துச்சு. அப்புறம் பொழுது இறங்குற வரைக்கும் கண்ணை அசைக்கல.

சோலையப்பன் முந்திக்கிச்சு. "காலையில பத்து, மதியம் அஞ்சு, சாயங்காலம் ரெண்டே ரெண்டு. அக்கா, உங்க மருந்து அமுதம்!"

மருதாயி தரையைப் பார்த்துச் சொல்லுச்சு. "காலையில ஒம்போது. சாயங்காலம் பதினொண்ணு. மருந்து கேட்ட மாதிரி தெரியலீங்கக்கா."

"மதியம்?"

"மதியம் மட்டும் தெரியாதுங்க. கனா கண்டுட்டேன்." சொல்லும்போதே கண்ணு ரொம்பிடுச்சு.

தவளை சொறிஞ்சுக்கிட்டே வாயைத் திறந்துச்சு. "மதியம் நான் கல்லு மேல இருந்தாத்தானே? வெயில் தாங்காம உள்ள போய்த் தூங்கிட்டேன்."

"அதோட நான் பூசினது மருந்தே இல்ல"ன்னாங்க ஆமையக்கா. "வெறும் சேறு."

குரங்கு மூணு இலையையும் வாரிக்கிட்டு மரமேறிப் போயிடுச்சு.

அன்னியிலேர்ந்து மருதாயிக்கு அங்கதான் வேலை. கனா வந்தா எழுப்பறதுக்குக் கரிச்சான் பக்கத்துக் கிளையில இருந்துக்கிட்டு கரடி மாதிரி உறுமும். கோடை பூரா பத்தொம்போது தழையை அரைச்சுப் பூசிப் பார்த்தாங்க. ஒண்ணும் கேட்கல. கேட்கலன்னே காட்டைக் கூட்டிச் சொன்னாங்க. இந்தத் தடவை ஒரு தவளையும் சிரிக்கல.

வானம் கறுத்த அன்னிக்கு ஆமையக்கா தேக்கிலையில காலை அழுத்திக் கொடுத்தாங்க. மருதாயி அதை வாயில கவ்விக்கிட்டு மலையேறுச்சு.

"என்ன கண்டுபிடிச்சே?"ன்னு யானையம்மா கேட்டாங்க.

"பத்தொம்போது தழை அரிப்புக்கு ஆகாதுன்னு கண்டுபிடிச்சேங்க."

யானையம்மா மெதுவா முட்டி போட்டு, தலை தரையைத் தொடுற அளவுக்குக் குனிஞ்சு, அந்தத் துளியூண்டு முகத்தைப் பார்த்தாங்க. "உள்ள வா"ன்னாங்க.

மருதாயி உள்ள போச்சு. வெளியில முதல் துளி விழுந்துச்சு.

பார்த்ததைப் பார்த்தேன்னும் பார்க்காததைப் பார்க்கலன்னும் சொல்ற வாய்தான், புதுசா வேலை கேட்டுப் போறவங்க கொண்டுபோக வேண்டிய முதல் அனுபவம்.