அழகு என்று சொல்ல அஞ்சிய காகம்

எல்லா உயிர்க்கும் நாவைத் தந்து, அந்த நாவிலே தன் திருநாமத்தையும் வைத்த பரம்பொருளின் பாதமலர் போற்றி!

மழை பொய்த்த மலைக்காட்டிலிருந்து கரியன் என்னும் காகம், துணைவி நீலியுடன் தாமரைப் பொய்கைக்குக் குடிவந்தது. கரையோர மருதமரத்தில் கூடு கட்டியது. கூட்டில் நான்கு முட்டைகள்.

ஒருநாள் வெண்ணி என்னும் நாரைக்குக் குஞ்சு பொரிந்தது. பொய்கையே கூடி வாழ்த்தியது. கரியனும் எட்டிப் பார்த்தது. அதன் உள்ளம் உருகிவிட்டது. உடனே, "ச்சீ! என்ன அவலட்சணம்! சேற்றில் புரண்ட கந்தல்!" என்று உரக்கக் கூவியது.

வெண்ணி விம்மி அழுதது.

"கேட்டீர்களா இந்த அண்டங்காக்கையின் வாயை!" என்று மீன்கொத்தி கொதித்தது. "சபையில் ஒருவரை இழித்துப் பேசினால் பொய்கையை விட்டு நீங்க வேண்டும். அதுதானே நம் சட்டம்!"

கரியன் தன் கூட்டைத் திரும்பிப் பார்த்தது. முட்டைகளைத் தூக்கிக்கொண்டு பறக்க முடியுமா?

நீதி உரைக்கும் ஆமையாரின் முன் போய் விழுந்து வணங்கியது. "ஐயா, எங்கள் காட்டில் பிள்ளையை அழகு என்று வாய்விட்டுச் சொல்வதுதான் குற்றம்! கண்பட்டுவிடும் என்று அலகால் கொத்தி விரட்டுவார்கள். அங்கே பழிப்பதே வாழ்த்து!"

"நல்ல கதை! அப்படியானால் உன் பிள்ளைகள் பிறந்ததும் நான் வந்து புகழட்டுமா?" என்றது மீன்கொத்தி.

"ஐயோ, வேண்டாம் அண்ணா!" என்று நீலி அலறி, முட்டைகளின்மேல் கவிழ்ந்தது.

அந்தப் பதற்றத்தைக் கண்ட வெண்ணியின் அழுகை நின்றது. "ஐயா, இவர்கள் இங்கேயே இருக்கட்டும்" என்றது.

"இருக்கட்டும் அம்மா. ஆயினும் நீ அழுதது மெய்யல்லவா?" என்றார் ஆமையார். "கரியா, உன் மனத்தில் இருந்ததை எங்கள் வழக்கப்படி இச்சபையில் சொல். அதுவே உனக்குத் தண்டனை!"

கரியன் குஞ்சைப் பார்த்துப் பின்வாங்கியது. தன் சொல்லால் அந்தப் பிஞ்சுக்கு ஏதேனும் நேர்ந்துவிட்டால்?

வெண்ணி மெல்ல நீலியிடம் திரும்பியது. "அக்கா, கண்படாமலிருக்க உங்கள் ஊரில் வேறு என்ன செய்வீர்கள்?"

"கன்னத்தில் கரும்பொட்டு வைப்போம், தங்கச்சி."

"வந்து வையுங்கள்!"

நீலி அலகு நுனியில் கருஞ்சேறு எடுத்து, குஞ்சின் கன்னத்தில் பொட்டு வைத்தது. அதன் பிறகே கரியன், கண்களை இறுக மூடிக்கொண்டு, "அழகு! கொள்ளை அழகு, அம்மா!" என்றது.

ஊருக்கு ஊர் சட்டம் வேறாகலாம். ஆனால் பேசுகிறவர் கேட்பவரின் மனத்தையும், தீர்ப்பளிப்பவர் பேசியவரின் மனத்தையும் எண்ணிப் பார்ப்பதே எவ்வூருக்கும் நீதி.

இதைக் கேட்டவர் இல்லத்துப் பிள்ளைகள் எல்லாரும் இறைவன் காவலில் நீடூழி வாழ்க!