ஏரிக்குள் கட்டிய மண்டபம்

மழை என்றால் என்னவென்று பிள்ளைகளுக்குக் கையை ஆட்டி ஆட்டி விளக்கவேண்டியிருந்த ஒரு காலத்தில், முள்ளிநாட்டை அகண்டவீரன் என்ற ராஜா ஆண்டுவந்தார். அவர் "ம்" என்றாலே வெண்கல அண்டாவுக்குள் பூசணிக்காயை உருட்டிவிட்டது போலிருக்கும். காலையில் ஒருவனைத் தளபதியாக்குவார். மதியச் சாப்பாட்டுக்குள் அவனையே சமையல்கட்டுக்கு வெங்காயம் உரிக்க அனுப்புவார்.

நாட்டுக்கு ஒரே ஒரு பெரிய ஏரி. அதுவும் வெடித்துக் கிடந்தது. ஊரே அதைப் பார்த்துப் பெருமூச்சு விட்டபோது, அரண்மனைக் கட்டட வேலைகளுக்குத் தலைவரான வரதுங்கர் மட்டும் 'அடடா, என்ன சமமான இடம்' என்று சந்தோஷப்பட்டார். ராஜாவின் பிறந்தநாளுக்குள் ஏரியின் நட்டநடுவிலேயே ஒரு வசந்த மண்டபத்தை எழுப்பிவிட்டார். தேனில் ஊறிய குரலில், "பிரபோ, உள்ளும் புறமும் கருங்கல். பிரளயமே வந்தாலும் இதன் காலைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டுத்தான் போகும்" என்றார். ராஜா பூரித்துப்போனார். மந்திரி மருதாண்டி மட்டும் சுவரை நகத்தால் ஒருமுறை சுரண்டிப் பார்த்து, நகத்தைத் துடைத்துக்கொண்டார். எதற்கெடுத்தாலும் ராஜா இந்த மருதாண்டியைத்தான் கேட்கிறார் என்று வரதுங்கருக்கு நெடுநாளாகவே வயிற்றெரிச்சல்.

இப்படியிருக்கையில் ஒருநாள் கீழைக் கடற்கரையிலிருந்து ஒரு மீனவர் சபைக்கு வந்தார். கடலில் ஒரு காற்றுச் சுழி கட்டியிருக்கிறது, வலுவில்லாத சுழி, கரையேறிக் கொஞ்சம் பெய்துவிட்டுக் கலைந்துபோகும் என்றார். "ஒரு கிளைகூட ஒடியாதுங்க. ஆனா மழை உண்டு. இதை விட்டா இந்த வருசத்துக்கு வேற இல்லைங்க."

சேதி பரவியதும் ஊருக்குச் சந்தோஷத்தைவிடப் பயம்தான் அதிகம் வந்தது. கிழக்கே மேகம் ஏறியது. கோபித்துக்கொண்டு போய்விடுமோ என்று யாரும் அதை நோக்கிக் கையைக்கூட நீட்டவில்லை. வீட்டில் விதைநெல் மிச்சமிருந்தவர்கள் அந்த மூட்டைமேலேயே உட்கார்ந்துகொண்டார்கள்.

வரதுங்கருக்கோ வேறு பயம். ராஜாவிடம் மூச்சிரைக்க ஓடினார். மீனவனுக்கு ஒன்றும் தெரியாது, வருவது ஊழிப்புயல், ஏரி நிரம்பிக் கரை உடைந்தால் தலைநகரமே மிதக்கும், நாமே முன்கூட்டி ஆற்றுப் பக்கமாகக் கரையை வெட்டிவிட்டால் தண்ணீர் கடலுக்குப் போய்விடும் என்றெல்லாம் அடுக்கினார். ராஜாவுக்கு இடி என்றாலே ஆகாது. உடனே உத்தரவு போட்டார்: மண்வெட்டியோடு ஆட்கள் கரைமேல் நிற்கட்டும், அரண்மனை முரசு ஒலித்ததும் வெட்டட்டும்.

தூறல் விழத் தொடங்கியது. கரைமேல் நின்றவர்களும் அந்த ஏரித் தண்ணீரைக் குடித்து வளர்ந்தவர்கள்தான். மண்வெட்டியைப் பிடித்தபடி, அரண்மனைப் பக்கமே காதாக நின்றார்கள்.

மருதாண்டி சபைக்குள் நுழைந்தபோது முரசுக்காரர் கோலை ஓங்கியபடி ராஜாவின் தலையசைப்புக்குக் காத்திருந்தார். பயந்து நடுங்குகிறவரிடம் பயப்படாதீர்கள் என்றால் கோபம்தான் வரும். ஆகவே மந்திரி ராஜாவைவிட அதிகமாக நடுங்கிக் காட்டினார்.

"மகாராஜா, இன்னுமா இங்கே இருக்கிறீர்கள்? புறப்படுங்கள்."

"எங்கே?"

"வசந்த மண்டபத்துக்கு. இந்த அரண்மனை உங்கள் பாட்டனார் காலத்துச் செங்கல். ஊழிப்புயலுக்குத் தாங்குமா? பிரளயத்துக்கும் அசையாத கட்டடம் நாட்டில் ஒன்றுதானே இருக்கிறது. வரதுங்கரே வாயாரச் சொன்னது."

ராஜாவின் குரலில் பூசணிக்காய் உருண்டது. "அதுவும் சரிதான். பல்லக்கு வரட்டும். மகாராணியைக் கூப்பிடுங்கள். வரதுங்கா, நீ என் பக்கத்திலேயே உட்கார்."

வரதுங்கரின் குரலில் இருந்த தேன் வற்றிப்போயிற்று. "பிரபோ, அங்கே எதற்கு... ஈரமாக இருக்குமே."

"கருங்கல்லை ஈரம் என்ன செய்யும், ஐயா?" என்றார் மருதாண்டி.

வெளியே தூறல் கனத்தது. பல்லக்கு வாசலுக்கே வந்துவிட்டது. வரதுங்கர் கணக்குப் போட்டார். மண்டபம் இடிந்து ராஜா பிழைத்தால் தன் தலை போகும். பிழைக்காவிட்டாலோ பக்கத்தில் உட்கார்ந்திருப்பதும் தான்தான்.

"புயல்... அவ்வளவு பெரிசில்லை, பிரபோ."

"எவ்வளவு?"

"சின்னச் சுழிதான். அந்த மீனவர் சொன்னதுதான் சரி."

"பின்னே ஏனடா கரையை வெட்டச் சொன்னாய்?"

மருதாண்டி மெதுவாகக் கேட்டார்: "ஏரியில் தண்ணீர் நின்றால் எது கரையும், ஐயா? சொல்லிவிடுங்கள். நேரமில்லை."

"பிறந்தநாளுக்குள் முடிக்கவேண்டியிருந்தது. உள்ளே முழுக்கப் பச்சை மண். மேலே சுண்ணாம்பு பூசி, கல் மாதிரி கோடு கிழித்து..."

ராஜா ஆற்றாமையில் தலையை ஆட்டினார். அவ்வளவுதான், முரசுக்காரர் அதையே உத்தரவு என்று எடுத்துக்கொண்டு கோலை வீசினார். மருதாண்டி பாய்ந்துபோய் முரசின்மேல் குப்புற விழுந்தார். அடி அவர் முதுகில் இறங்கியது. முரசு சத்தமே போடவில்லை. மந்திரிதான் "அம்மா" என்றார்.

கரைமேல் நின்றவர்கள் காதில் மழைச் சத்தம் மட்டுமே விழுந்தது.

மறுநாள் மதியம் மேகம் கலைந்தது. கிளை எதுவும் ஒடியவில்லை. ஏரியில் முழங்காலளவுத் தண்ணீர். ஏரி நிரம்பியது என்று சொல்ல முடியாது, ஆனால் விதைக்கலாம். ராஜா மந்திரியின் கையில் பொற்காப்பைப் பூட்டி, முதுகுக்குத் தைலமும் கொடுத்தனுப்பினார். மீனவருக்குப் புதுப் படகு ஒன்று போயிற்று. வரதுங்கருக்குக் கிடைத்தது ஒரு கூடை: மண்டபம் கரைந்து கிடந்த மண்ணைத் தன் தலையாலேயே சுமந்து, ஏரிக்கரையை உயர்த்தவேண்டும்.

பட்டு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு அவர் மண்ணைக் கொட்டியபோது, பின்னால் கூடையோடு நின்ற ஒரு பெண் பொறுமையாகச் சொன்னாள்:

"நல்லா மிதிங்க, ஐயா. இது தண்ணியில நிக்கணும்."